பண்ணை வழக்கை அப்புறம் பார்ப்போம், முதலில் கொலை வழக்கு

வெஸ்ட்மின்ஸ்டர், அக்டோபர் 1269

கேள்வி: நான் நார்தாம்டன்ஷயரைச் சேர்ந்த நைட். லூயிஸ் போரிலும் ஈவ்ஷாம் போரிலும் அரசர் மூன்றாம் ஹென்றியை எதிர்த்த சைமன் டி மான்ட்ஃபோர்ட் பிரபுவின் பக்கம் நின்றேன். தோற்றதும் அரசர் என் பண்ணையைத் தன் ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மனைவியும் கைக்குழந்தையும் மழையில் நடுத்தெருவில் நின்றார்கள். ஈலித் தீவின் சதுப்பில் பதுங்கி இருந்தேன். 1267-இல் சமாதானம் ஆனது. தோற்றவர்கள் பணம் கட்டி நிலத்தை மீட்க வழி சொன்ன கெனில்வொர்த் டிக்டம் என்ற ஆணைப்படி ஐந்து வருட வருமானம், அதாவது 100 பவுண்டு கட்டி நிலத்தை மீட்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். 40 பவுண்டு கட்டிவிட்டேன். அந்த ஆள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறார். இந்தத் தவக்காலத்தில் ஆறு பேருடன் போய் என் களஞ்சியத்தைத் திறந்து என் தானியத்தை எடுத்தேன். கைகலப்பில் அவருடைய காரியஸ்தன் இறந்துவிட்டான். அவன் மனைவி என் மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தில் மூன்று முறை என் பெயரைக் கூப்பிட்டார்களாம். இப்போது ராக்கிங்கம் காட்டில் இருக்கிறேன். நம் கட்சி ஆடம் குர்டன் போல ஒற்றைக்கு ஒற்றை நின்று என் நியாயத்தை நிரூபிக்கவும் தயார். என் பண்ணையை மீட்பது எப்படி?

பதில்: உங்கள் கடிதம் மூன்று எழுத்துத் தோல் நீளம். அதில் இரண்டரைத் தோலுக்கு ஈவ்ஷாமின் இடிமழை, பிரபுவின் தலையை வெட்டி அனுப்பிய கொடுமை, உங்கள் கட்டிலில் இப்போது யார் படுக்கிறார் என்பதெல்லாம் இருக்கிறது. காரியஸ்தன் செத்த விஷயத்துக்கு ஒன்றரை வரி. எனக்கு வேண்டியது அந்த ஒன்றரை வரிதான்.

நீங்கள் பட்டது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்க எந்த நீதிபதியும் உட்கார்ந்திருக்கவில்லை. பிரபுவின் கல்லறையில் குருடருக்குப் பார்வை வந்தது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதை மனுவில் தப்பித் தவறியும் சேர்க்காதீர்கள். அவரைப் புனிதர் என்று சொல்லக்கூடாது, அற்புதக் கதைகளைப் பரப்பக்கூடாது என்று டிக்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் மனுவில் அந்தக் கதையை எழுதினால் எழுத்தரே தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

பண்ணை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பணம், பிறகு நிலம் என்று டிக்டத்தில் இருந்ததை, குளோஸ்டர் பிரபு லண்டனைப் பிடித்து உட்கார்ந்த பிறகு 1267 ஜூனில் மாற்றினார்கள். முதலில் நிலம், அதன் வருமானத்திலிருந்து பணம் என்று ஆனது. நீங்கள் அன்றே ரிட் (அரசரின் எழுத்தாணை) வாங்கி ஷெரீஃப் ஆளோடு போயிருந்தால் இன்று இந்தக் கடிதமே இல்லை. சொந்த நிலம்தானே, நாமே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறு பேரைக் கூட்டிப் போனீர்கள். சட்டத்தின் கணக்கில் நீங்கள்தான் அவரை வெளியேற்ற முயன்றவர். சுவாதீனம் பறிபோனதும் சுடச்சுட நாலு நாளுக்குள் திருப்பி நுழைந்தால் பேசலாம். நீங்கள் நாலு வருடம் கழித்துப் போயிருக்கிறீர்கள்.

இப்போது தேதிக்கு வருவோம். மொத்த வழக்கும் இதில்தான் தொங்குகிறது. நீதிபதிகள் போர்க்காலம் என்று எடுத்துக்கொள்வது 1264 ஏப்ரல் 4 முதல் 1265 செப்டம்பர் 16 வரை. ஈலியில் கிடந்ததற்கும் 1267-இல் வழி பிறந்துவிட்டது. அதுவரை நீங்கள் வாரிசுரிமை பறிக்கப்பட்டவர். அது அரசியல் தண்டனை, பணம் கட்டித் தீர்க்கலாம். ஆனால் களஞ்சியத்துக்குப் போனது 1269 தவக்காலத்தில். அது போரில் சேராது. காட்டில் உங்களோடு இருப்பவர்கள் இன்னும் நாம் பிரபுவின் படை என்று பேசிக்கொண்டிருக்கலாம். சாவுகளை விசாரிக்கும் அதிகாரியான கொரோனரின் பதிவுச் சுருளில் அது கொள்ளையும் கொலையும் என்றுதான் ஏறியிருக்கும். டிக்டம் இதற்கு ஒரு செம்புக்காசு அளவும் உதவாது.

சரி, இதனால் என்ன ஆகும்? மூன்று முறை கூப்பிட்டாயிற்று. நாலாவது இந்த மாதம், ஐந்தாவது அடுத்த நாலு வாரத்தில். ஐந்தாவதிலும் வரவில்லை என்றால் உங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு தலையில் ஓநாய்த் தலையைச் சுமப்பவர் நீங்கள், ஓநாயைப் போல யாரும் வேட்டையாடலாம். ஆடு, மாடு, குதிரை எல்லாம் அரசருக்கு. நிலம் ஒரு வருடமும் ஒரு நாளும் அரசர் கையில் இருந்துவிட்டு, மேல் பிரபுவுக்குப் போய்விடும்.

நான் கட்சிக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கும் பள்ளம் இதுதான். கலகக்காரர் என்று பறித்த நிலத்தை மீட்க விலை உண்டு, தவணை உண்டு. கொலைக்காகப் போன நிலத்துக்கு அப்படி ஒரு விலையே கிடையாது. பிற்பாடு அரசர் மனம் இரங்கி மன்னித்தாலும் உயிர் திரும்பும், ஊருக்குள் நடமாடலாம், அவ்வளவுதான். நிலம் திரும்பாது. உங்கள் பையனுக்கு ஒரு பிடி மண் வராது. கட்டிய 40 பவுண்டும் போனது போனதுதான். போன வருடம் ஒருவர் வந்தார், டிக்டப் பணத்தைக் கடைசிப் பென்னி வரை கட்டியவர். பக்கத்து மடத்தின் மாடுகளை ஓட்டிய வழக்கில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். அவர் கட்டிய பணத்தில் இப்போது வேறொருவர் சுகமாக உழுகிறார்.

சர்ச்சுக்குள் ஓடி நாற்பது நாள் உட்காரலாமா என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். கேட்காதீர்கள். அங்கிருந்து உயிரோடு வெளியே வர, குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டை விட்டே போவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஒப்புக்கொண்ட நிமிஷமே நிலம் போய்விடும்.

ஒற்றைக்கு ஒற்றை விஷயம். ஆடம் குர்டன் ஆல்டன் பக்கத்தில் எட்வர்டு பிரபுவோடு மோதி உயிர் தப்பியது 1266-இல், போரின் வாலில். எதிரே வாளோடு நின்றது அரசரின் மகன். உங்கள் எதிரே நிற்பது ஒரு விதவை. கணவன் கொலைக்காக மனைவி வழக்குப் போடலாம் என்று மகா சாசனமே (மாக்னா கார்ட்டா) சொல்கிறது. பெண் போட்ட வழக்கில் வாள் சண்டை கிடையாது. ஊர்க்காரர் பன்னிரண்டு பேர்தான் தீர்ப்பு. அந்தப் பன்னிரண்டு பேர் யார்? நாலு வருடமாகப் புதுப் பண்ணைக்காரரின் ஆலையில் மாவு அரைத்து, அவர் களத்தில் கூலி வாங்குகிறவர்கள். நீங்கள் தோளில் எத்தனை வெட்டு வாங்கியிருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். இதில் கௌரவம் பார்க்க இடமில்லை.

முதலில் அரசரின் மன்னிப்பு. இந்த மாதம் 13-ஆம் தேதி புது மடாலயக் கோயிலில் பழைய அரசர் புனித எட்வர்டின் திருவுடலை இடம் மாற்றுகிறார்கள். நம் கிழ அரசரின் வாழ்நாள் ஆசை அது. இந்த நேரத்தில் கேட்காமல் எப்போது கேட்பது? எட்வர்டு பிரபு சிலுவைப் போருக்கு ஆள் சேர்க்கிறார், உங்களைப் போல வாள் பிடித்தவரை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் மன்னிப்புப் பத்திரத்தின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாராவது வழக்காடினால் வந்து நிற்க வேண்டும் என்று அதில் இருக்கும். அரசர் தன் வழக்கைத்தான் விட்டுக்கொடுக்கிறார், விதவையின் வழக்கை விட்டுக்கொடுக்க அவருக்கே அதிகாரம் இல்லை. பெரிய முத்திரை போட்ட தோலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நீதிமன்றம் வந்தவர், சங்கிலியோடு கோட்டைச் சிறைக்குப் போனதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே அடுத்து அந்தப் பெண். நேராக அவளிடமோ அவள் அண்ணனிடமோ பேசுங்கள், பண்ணைக்காரர் மூலம் வேண்டாம். இரண்டு வருடம் முன்பு ஒருவர் சர்ச் வாசலில் பாதிரியாரை மட்டும் வைத்துக்கொண்டு 10 மார்க் கொடுத்தார். பாதிரியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவள் மறுமணம் செய்துகொண்டாள், புதுக் கணவர் பணமா, எந்தப் பணம் என்றார். பணம் கைமாறுவது கவுண்டி நீதிமன்றத்தில், ஷெரீஃபும் கொரோனரும் பார்க்க நடக்கட்டும். அவள் வழக்கை விடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி, அது சுருளில் ஏறட்டும்.

அப்புறம் பண்ணைக்காரர். அவர் தூது விட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 300 மார்க்குக்குக் கடன் பத்திரம் கொடுத்தால் வழக்கையும் முடித்துத் தருகிறேன், வீட்டையும் காலி செய்கிறேன் என்கிறாராம். நீங்கள் அதைப் பெருந்தன்மை என்கிறீர்கள்.

டெர்பி பிரபு ராபர்ட் டி ஃபெரர்ஸைப் பாருங்கள். மூன்று வருடம் சிறை. டிக்டத்தில் அவருக்கு ஏழு வருட வருமானம் என்று விலை இருந்தது. கஷ்டம்தான், ஆனால் கட்ட முடிகிற விலை. இந்த மே மாதம் விடுதலை என்றதும், அரசரின் இளைய மகன் எட்மண்டுக்கு 50,000 பவுண்டு தருவதாக முத்திரை வைத்தார். கெடு ஜூலை 9, ஒரே தவணை. இங்கிலாந்தில் எந்தப் பிரபுவால் அது முடியும்? ஜாமீன் நின்றவர்களுக்கு நிலங்களை ஈடாக எழுதிக் கொடுத்திருந்தார். கெடு தாண்டியது, நிலம் எட்மண்ட் கைக்குப் போய்விட்டது. சண்டையில் போகாத பிரபுத்துவம் ஒரு மெழுகுக் கட்டியில் போயிற்று. கட்டாயப்படுத்தினார்கள் என்று அவர் இனிமேல் வழக்குப் போடுவார். நான் அவர் வக்கீலாக இருக்க விரும்ப மாட்டேன்.

உங்கள் 300 மார்க் என்பது 200 பவுண்டு. நீங்கள் கட்ட வேண்டிய பாக்கி 60. இதைவிடவா நான் விளக்க வேண்டும்?

நான் சொல்லும் ஏற்பாடு இது. தண்ணீர் ஆலையையும் ஆற்றோரப் புல்வெளியையும் ஏழு வருடம் அவரே அனுபவிக்கட்டும், அந்த 60 பவுண்டுக்காக. வீடும் உழவு நிலமும் உங்களுக்கு இப்போதே. ஏழு வருடம் கழித்து எல்லாம் உங்களுக்கு. ஆலை வருமானம் போகிறதே என்று மனைவி அழுவார்கள், அழட்டும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் இங்கே நீதிபதிகள் முன் இறுதி உடன்படிக்கையாக எழுத வேண்டும். ஒரே தோலில் மூன்று பிரதி எழுதி, நடுவில் பெரிய எழுத்து போட்டு, அந்த எழுத்தின் மேலேயே வளைத்து வளைத்து வெட்டுவார்கள். உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, அடிப்பிரதி கருவூலத்தில். நாளைக்கு அவர் மகன் இதை மறுத்தால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று. 40 பவுண்டு கட்டியதற்கு என்ன அத்தாட்சி? முத்திரைத் தோலா, பிளந்த கணக்குக் குச்சியா? முத்திரை இல்லாத வெறும் குச்சி என்றால் அவர் ஆட்களைக் கூட்டிவந்து சத்தியம் செய்தே மறுத்துவிடலாம். எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

ஐந்தாவது கவுண்டி நீதிமன்றத்துக்கு முன்னால் நார்தாம்டனில் சரணடையுங்கள். பகையாலும் வன்மத்தாலும் போட்ட வழக்கு என்று ரிட் வாங்கி, பன்னிரண்டு பேர் ஜாமீனில் வெளியே கொண்டுவர முயல்கிறேன். அதுவரை சிறைதான். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டை ஈரம். வாளை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். கூட வந்த ஆறு பேரையும் தனித்தனியாக என்னிடம் அனுப்புங்கள். அவர்கள் பெயரையும் அங்கே கூப்பிடுகிறார்கள்.