'விற்பவர் அறிந்தவரை' என்று ஒப்பந்தத்தில் எழுதினால், யார் அறிந்தவரை?

ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கப் போகிறீர்கள். வரைவில் 'விற்பவர் அறிந்தவரை கம்பெனி மீது எந்த வழக்கும் நிலுவையில் இல்லை' என்று இருக்கிறது; பின்னால் வழக்கு முளைத்தால் இழப்பீடு கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. வரைவின் முதல் பக்கங்களில் சொல்விளக்கப் பகுதி இருக்கும். அதில் 'அறிவு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

நம் கிரயப் பத்திரத்தில் எப்படி எழுதுவோம்? 'சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்' என்போம். விற்பவருக்கு அது தெரியுமா தெரியாதா என்ற பேச்சே அதில் வராது. வில்லங்கம் வந்தால் அவர் பொறுப்பு. 'அறிந்தவரை' என்று சேர்த்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அவருக்குத் தெரியாமல் கிடந்த வில்லங்கம் உங்கள் தலையில் விழும். தெரிந்தேதான் சொன்னார் என்று வாதாடினால், அதை நிரூபிக்கும் வேலையும் உங்களுடையது.

அடுத்த கேள்வி, யாருடைய அறிவு? நான் கோவையில் இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஒருமுறை ஒரு பவுண்டரி கம்பெனியை வாங்குபவருக்காக வரைவைப் படித்தேன். 'விற்பவரின் அறிவு என்பது நிர்வாக இயக்குநர் நேரடியாக அறிந்தவை மட்டும்' என்று இருந்தது. அவர் வயதானவர், தொழிற்சாலைக்கு வருவதே மாதம் ஒருமுறைதான். அன்றாட விஷயமெல்லாம் அவருடைய மகனுக்கும் கணக்குப் பிரிவுத் தலைவருக்கும் தொழிற்சாலை மேலாளருக்கும்தான் தெரியும். மூன்று பேரையும் பெயர் போட்டுச் சேர்க்கச் சொன்னோம். அந்தப் பக்கம் இரண்டு வாரம் இழுத்தார்கள், அப்புறம் சம்மதித்தார்கள். தன் பெயர் ஒப்பந்தத்தில் வருகிறது என்றதும் கணக்குப் பிரிவுத் தலைவர் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார். தொழிலாளர்களின் பி.எஃப். நிலுவை எவ்வளவு என்று தீர்மானிக்க பி.எஃப். அலுவலகம் நடத்தும் '7ஏ' விசாரணையின் நோட்டீஸ் ஒன்று வெளியே வந்தது. கையெழுத்துக்கு முன்பே தெரிந்ததால் விலையில் கழித்துக்கொண்டோம். விடுபட்டிருந்தால், பங்கை வாங்கியவர் கம்பெனியின் பழைய கடனோடு சேர்த்துத்தான் வாங்கியிருப்பார். அன்றிலிருந்து நான் எந்த வரைவிலும் முதலில் படிப்பது இந்தப் பெயர்ப் பட்டியலைத்தான்.

மூன்றாவது, எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது. உண்மையில் மனதில் இருந்தது மட்டும் போதுமா, விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக் கூடியதும் சேருமா? நிலம் விற்பனையில் இதற்கு நம் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 3: செய்ய வேண்டிய விசாரணையை ஒருவர் வேண்டுமென்றே தவிர்த்தாலும், பெரும் அலட்சியமாக இருந்தாலும், அந்த விஷயம் அவருக்குத் தெரியும் என்றே கருதப்படும். ஆனால் கம்பெனி பங்கு ஒப்பந்தத்தில் 'நேரடியாக அறிந்தவை மட்டும்' என்று எழுதிவிட்டால், இந்த மாதிரி பாதுகாப்பு தானாக வந்து சேரும் என்று நம்பி உட்காரக் கூடாது.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு உண்டு. கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்ட்டி கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு 1988-இல் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் ஒரு நிலத்தை வில்லியம் சிண்டால் என்ற கட்டுமான கம்பெனிக்கு விற்றது. 1990-இல் மண்ணுக்கடியில் யாரும் சொல்லாத ஒரு கழிவுநீர்க் குழாய் அகப்பட்டது. 'அறிந்தவரை' என்று சொல்பவர், நியாயமான அளவு விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று பொருள் என்றது நீதிமன்றம். இது எனக்கு மிகவும் பிடித்த கருத்து. ஆனால் கவுன்சில் அந்த அளவு விசாரித்திருந்ததால் வாங்கியவர் தோற்றார். அதனால் நீதிமன்றம் பொருள் சொல்லும்வரை காத்திருக்காமல், 'பட்டியலில் உள்ளவர்கள் தங்கள் ஆவணங்களைப் பார்த்து, தங்களுக்குக் கீழ் வேலை செய்பவர்களைக் கேட்ட பிறகு அறிந்தவை' என்று நீங்களே எழுதிவிடுங்கள். எந்தத் தேதியில் அறிந்தது என்பதும் வேண்டும்: கையெழுத்து நாளிலும், பங்கு மாறும் நாளிலும்.

உங்கள் அறிவும் கணக்கில் வரும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19, சாதாரண கவனத்தோடு நீங்களே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. டியூ டிலிஜென்ஸ் (வாங்குமுன் கம்பெனியின் கணக்கையும் ஆவணங்களையும் சரிபார்ப்பது) செய்தீர்களே, கோப்பு உங்கள் ஆடிட்டர் கையில்தானே இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆகவே, 'வாங்குபவர் விசாரித்து அறிந்திருந்தாலும் இழப்பீட்டு உரிமை குறையாது' என்ற வரியைக் கேட்டுப் பாருங்கள். விற்பவர் எளிதில் தர மாட்டார்.

எல்லா உறுதிமொழியிலும் 'அறிந்தவரை' கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளியாள் ஒருவர் வழக்குப் போட யோசிக்கிறாரா என்பதில் அது நியாயம், விற்பவர் அடுத்தவர் மனதை எப்படி அறிவார்? ஆனால் பங்குகள் அவருடையவையா, வரி கட்டியாயிற்றா, கணக்குகள் சரியா என்பதிலெல்லாம் அந்தச் சொல்லை அனுமதிக்காதீர்கள். உங்கள் வரைவு எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்தம் அனுப்பும் முன் நீங்கள் வாங்கப் போகும் கம்பெனிக்கு ஒருநாள் நேரில் போய், அங்கே கோப்புகளை யார் எடுத்துத் தருகிறார், கேள்விக்கு யார் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.