சந்தாவும் நாடகமும்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு சென்னைக்கு வந்தவன். சென்ற மார்கழியில் முதன்முறையாகச் சபா சபாவாக ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் மாலைக் கச்சேரிக்கு அதே ஏழெட்டுப் பெயர்கள். நாகஸ்வரம் தொடக்க நாள் மங்கல இசையோடு சரி. நாடகம் கண்ணிலேயே படவில்லை. சபாக்காரர்களுக்கு ரசனை வற்றிவிட்டதா?

ச., மடிப்பாக்கம்

அன்புள்ள ச.,

ரசனையைத் திட்டுமுன் கணக்கு நோட்டைப் பார்த்துவிடலாம். நான் நாலைந்து வருடம் ஒரு புறநகர் சபாவின் கமிட்டியில் இருந்தேன். சொந்த அரங்கம் கிடையாது. செயலாளர் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். கலைஞர் பெயருக்கு நேரே ஹால் வாடகை, மைக் செட், சன்மானம், கடைசிக் கட்டத்தில் 'யார் தருகிறார்கள்'. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் பெயரின் மேல் பென்சில் கோடு விழும்.

நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று ஆறு பேர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தால் வேன் வாடகை, தங்க இடம். கோயிலிலும் கல்யாணத்திலும் காசு கொடுக்காமல் கேட்டுப் பழகிய வாத்தியத்துக்கு டிக்கெட் வாங்க நமக்குக் கை வராது. எனக்கும்தான்.

நாடகத்தின் கதை வேறு. 60களிலும் 70களிலும் சபா என்றாலே மாதச் சந்தா. சந்தா கட்டினால் மாதாமாதம் சில நிகழ்ச்சிகள். அதில் நாடகம் இல்லாவிட்டால் வீட்டில் பேச்சு விழும். கே. பாலசந்தர், சோ, ஒய்.ஜி. பார்த்தசாரதி குழுக்களெல்லாம் தழைத்தது இந்தச் சபா மேடைகளில்தான். 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. 90களில் தனியார் சேனல்கள். வீட்டிலேயே சும்மா பார்க்கக் கிடைப்பதற்கு எவன் பஸ் ஏறிப் போவான்? சந்தா கட்ட ஆள் குறைந்தது. மாதாமாதம் வந்த காசு வற்றியதும் நாடகமும் ஒதுங்கியது. (அடியோடு போய்விடவில்லை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடையில் நாடக விழா நடத்துகிறது. மார்கழியில் தேடினால் எப்படி?)

மிஞ்சியது டிசம்பர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், வங்கி, நகைக்கடை, கட்டுமான நிறுவன விளம்பரம் எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். விளம்பரம் தருகிறவருக்குத் தன் பேனருக்கு முன்னால் யார் உட்காருகிறார் என்பதே கேள்வி. எங்களிடம் ஒருவர் சொல்லியே விட்டார்: "அவங்க பாடறாங்கன்னா பெரிய பேனர். இல்லேன்னா விழா மலர்ல கால் பக்க விளம்பரம் போதும்." உங்கள் ஏழெட்டுப் பெயர்களும் இப்படி வந்தவைதான்.

ஆனாலும் அந்த ஏழெட்டுப் பேரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சபாவில் மதியம் 2 மணிக்கு இலவசமாக நடந்த இளையவர்கள் கச்சேரிக்கு மைக் செட் காசு கொடுத்தது அந்த மாலைக் கச்சேரிதான். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் கவரில் வைத்துக் கொடுத்தது ஆட்டோவுக்கே கட்டாது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

சொந்த அரங்கம் வைத்திருப்பவர்கள் பாடு கொஞ்சம் தேவலை. அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா என்று வாடகை வரும். ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து வரும் பெண்களின் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் வேறு.

எங்கள் பழைய சபாவில் இன்னும் ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள். போன மாதம் போய்க் கட்டினேன். ரசீது எண் 37.