பந்து அவள் கையில் இல்லாதபோது பாருங்கள்

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கான கூடைப்பந்து கிளப்புக்கு ஆள் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கிறேன். 13 வயதுப் பெண் ஒருத்தி, மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், ஒரே மேட்ச்சில் 24 புள்ளி எடுத்தாள். உடனே சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமா? – ஒரு வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள். இன்னும் மூன்று முறை பாருங்கள்: வலுவான அணியோடு ஒரு மேட்ச், சமபலமுள்ள அணியோடு ஒன்று, பிறகு ஒரு சாதாரண நாள் பயிற்சி.

அந்த 24 புள்ளியையும் பிரித்துப் பாருங்கள். வளையத்தடியில் நின்று, குட்டையான பிள்ளைகளின் தலைக்கு மேல் போட்டது எத்தனை? ஓடிவந்து, வளையத்தருகே எழும்பி ஒரு கையால் போட்ட லே-அப் எத்தனை, அதில் இடது கையால் எத்தனை? முக்கால்வாசி முதல் வகை என்றால், நீங்கள் பார்த்தது அவள் உயரத்தைத்தான். பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டித்தான் மிக வேகமாக வளர்கிறார்கள்; பூப்பெய்திய பிறகு வளர்த்தி மட்டுப்பட்டுவிடும். இன்று தலை உயரம் கூடியவளை 16 வயதில் மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிடலாம். இதற்காக அந்தரங்கக் கேள்வி எதுவும் வேண்டாம். கடந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தாள் என்று தாயிடம் கேட்டாலே ஓரளவு பிடிபடும். தாய் தகப்பன் உயரத்தையும் பிறந்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதுப் பிரிவின் தொடக்க மாதத்தில் பிறந்தவள், கடைசி மாதத்தில் பிறந்தவளைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவள்.

அடுத்த மேட்ச்சில் ஒரு குவார்ட்டர் (மேட்ச்சின் கால் பங்கு) முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அவளை மட்டும் பாருங்கள். கஷ்டமான வேலைதான், கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். டிஃபென்ஸில் தன் ஆளையும் பந்தையும் மாறிமாறிப் பார்க்கிறாளா, இல்லை பந்தையே வெறித்துக்கொண்டு நிற்கிறாளா? யாராவது ஷாட் போட்டதும், முதுகை எதிராளி மேல் சாய்த்து இடம் பிடித்துவிட்டு ரீபவுண்டுக்கு, அதாவது உள்ளே விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, எழும்புகிறாளா, நின்ற இடத்திலேயே கையைத் தூக்குகிறாளா? உயரமான பிள்ளைகளுக்கு இரண்டாவது பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் இந்த வயதில் அதுவே போதுமாக இருக்கிறது. பாஸ் வரும்போது முழங்காலை மடித்து, இரண்டு கால்களையும் ஊன்றி வாங்குகிறாளா என்றும் பாருங்கள். நிமிர்ந்து நின்று வாங்கினால் அடுத்த அடியிலேயே டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் தவறு) ஆகும்.

எங்களைக் கேட்டால், எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று நொடி. உடனே திரும்பி ஓடுகிறவளுக்கு மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம். நின்று நடுவரைப் பார்க்கிறவளை ஒதுக்க வேண்டாம், ஆனால் எத்தனை முறை என்று குறித்து வையுங்கள்.

ஷாட்டை எடைபோட ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி ஷாட், நல்ல இடம். யாரும் மறிப்பதில்லை, போர்டிலிருந்து எப்போதும் 4.6 மீட்டர்தான். அதற்கு முன் அவள் எந்தப் பந்தில் ஆடுகிறாள் என்று பாருங்கள். பெண்களுக்கு உரியது 6-ஆம் அளவு. பல இடங்களில் ஆண் பிள்ளைகளின் 7-ஆம் அளவையே கொடுத்துவிடுகிறார்கள். அது சுற்றளவில் சுமார் ஓர் அங்குலம் பெரியது, எடையும் கூட. கை வலு பத்தாமல் இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கி எறிவாள், முழங்கை வெளியே விலகும். சரியான பந்தைக் கொடுத்து 20 ஷாட் போடச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் மடங்குகின்றனவா என்று நேர் எதிரில் நின்று பாருங்கள். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) அறுந்துபோகும் ஆபத்து பெண்களுக்கு அதிகம். பயிற்சியால் பெரும்பாலும் திருத்தலாம் என்பதால் அதை வைத்து அவளை நிராகரிக்காதீர்கள். கிளப் கோச்சிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பேசுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அவளுடைய கோச், பிறகு பெற்றோர், அவர்கள் சம்மதித்தால் பெற்றோர் கூட இருக்கும்போது அவள். பிள்ளையின் போனுக்கு நேராகச் செய்தி அனுப்பவே கூடாது. “எடுத்துவிட்டோம்” என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் பயிற்சிக்கு மட்டும் கூப்பிடுங்கள். முதல் நாள் அவளுக்குத் தெரியாத ஒன்றை, இடது கை லே-அப் என்று வைத்துக்கொள்ளுங்கள், கால் மணி நேரம் சொல்லிக்கொடுக்கும்படி கிளப் கோச்சிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வரும்போது, யாரும் நினைவூட்டாமலே வார்ம்-அப்பில் அதைப் போட்டுப் பார்க்கிறாளா? பந்து உள்ளே விழாவிட்டாலும் பரவாயில்லை, தைரியமாகப் பரிந்துரை எழுதுங்கள்.