13 வயதுப் பையனுக்கு உள்ளூர் டென்னிஸ் கிளப் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பக்கத்துக் கிளப்பில் ஒரு வருடமாக டென்னிஸ் ஆடுகிறான், நல்ல ஆர்வம் இருக்கிறது. அங்கேயே ஆடி வளர முடியுமா, இல்லை இப்போதே பெரிய அகாடமியில் சேர்த்துவிட வேண்டுமா?

நான் கோச் இல்லை. ஒரு கிளப்பில் இருபது வருடமாக மாலை நேரத்தில் டபுள்ஸ் ஆடுகிற சாதாரண உறுப்பினர். ஆனால் எங்கள் கோர்ட்டுக்கு 12 வயதில் வந்த ஒரு பெண், இன்று 17 வயதில் மாவட்ட அளவில் ஆடும் வரைக்கும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: இப்போதைக்குக் கிளப்பே போதும். அங்கே அவன் யார் யாரோடு ஆடுகிறான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தப் பெண் வந்தபோதே ஃபோர்ஹேண்ட் அழகாக இருக்கும். கூடையிலிருந்து கோச் போடும் பந்துகளை ஒன்று விடாமல் அடிப்பாள், தன் வயதுப் பிள்ளைகளை எளிதாக ஜெயிப்பாள். ஒரு நாள் எங்கள் குழுவில் அறுபது தாண்டிய ஒருவரோடு ஒரு செட் ஆடினாள். அவருக்கு ஓட்டம் கிடையாது, வேகம் கிடையாது. ஆனால் அவருடைய ஸ்லைஸ், அதாவது பந்தின் அடியைச் சீவிவிடும் அடி, தரையில் பட்டதும் எழும்பவே எழும்பாது. இடுப்பு உயரப் பந்தையே அடித்துப் பழகிய பெண், கணுக்கால் உயரத்தில் சறுக்கி வரும் பந்தை நெட்டிலேயே அடித்துக்கொண்டிருந்தாள். 6-1 என்று தோற்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

செட் முடிந்ததும் அவர் அவளை நெட் பக்கம் கூப்பிட்டார். “கோடு ஓரமா நேரா அடிக்காதேம்மா, குறுக்கே அடி. இங்கே பாரு, நெட் நடுவுல தாழ்ந்துதானே இருக்கு?” என்று மட்டையை வைத்துக் காட்டினார். கம்பத்தருகே நெட் மூன்றரை அடி, நடுவில் மூன்றே அடி. தவிர, கோர்ட்டின் நேர் நீளம் 78 அடி என்றால் மூலைக்கு மூலை அதைவிட நாலடிக்கு மேல் கூடுதல். தாழ்ந்த நெட், நீளமான கோர்ட், இரண்டும் குறுக்கே அடிப்பவருக்குத்தான் சாதகம். கோச்சும் இதைப் பல தடவை சொல்லியிருப்பார். ஆனால் ஒரு செட் தோற்ற கையோடு கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த வாரம் அவளே போய், “அங்கிள், இன்னொரு செட் ஆடலாமா?” என்று கேட்டாள்.

கிளப்பின் பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான். இடது கைக்காரர், உயரமாக லாப் போடுபவர், சர்வ் அடித்ததும் நெட்டுக்கு ஓடி வருபவர் என்று விதவிதமான ஆட்டம் ஒரே மாலையில் கிடைக்கும். ஒரே வயது, ஒரே பாணி என்று பிள்ளைகளை அடுக்கி வைத்துப் பயிற்சி தரும் இடத்தில் இது அவ்வளவாகக் கிடைக்காது.

அப்புறம் 14 வயது. உங்கள் மகனுக்கும் சீக்கிரமே வரப்போகிற காலம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பெண் ஒரே வருடத்தில் மளமளவென்று உயரமாகிவிட்டாள். கை நீண்டது, கால் நீண்டது, ஆனால் சர்வ் அடிக்கும்போது பழைய உடம்பின் கணக்கிலேயே பந்தைத் தூக்கிப் போட்டாள். சர்வ் கலைந்துபோனது. ஒரே கேமில் நாலு டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு வாய்ப்பிலும் சர்வ் தவறிப் புள்ளியை இழப்பது, போட்டதைப் பார்த்தேன். போன வருடம் அவளிடம் தோற்ற பிள்ளைகளெல்லாம் ஜெயித்தார்கள். அவள் அப்பா இடத்தை மாற்றிவிடலாமா என்று யோசித்தார்.

கோச் அவசரப்படவில்லை. மட்டையைத் தரையில், அவளுடைய முன்னங்காலுக்குச் சற்று முன்னால் வைத்தார். சர்வ் அடிக்க வேண்டாம், பந்தைத் தூக்கி மட்டும் போடு, அது மட்டையின் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான் என்றார். தினமும் ஐம்பது தடவை. முதல் நாள் பத்தில் இரண்டு விழுந்தது. சில மாதங்களில் சர்வ் திரும்பி வந்தது, அதுவும் புது உயரத்தோடு. அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் என்பதால்தான் அவரால் பொறுமையாக இருக்க முடிந்தது. புதிதாகப் பார்க்கும் ஒருவர் அந்த வருடத்து ஆட்டத்தை வைத்து அவளை எடை போட்டிருப்பார்.

இந்த வயதில் முழங்கால் வலி, தோள் வலி என்று சொன்னால் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பு வளரும் இடங்கள் மென்மையாக இருக்கும் காலம் இது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், பிள்ளையின் வயது எவ்வளவோ அதைத் தாண்டக் கூடாது என்பதுதான் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. 13 வயது என்றால் 13 மணி நேரத்துக்குள். விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு போட்ட மட்டையும் இப்போது வேண்டாம், கையைப் பதம் பார்த்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூனியர் ஆட்டங்கள் பலவற்றில் நடுவர் இருக்க மாட்டார். தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் உள்ளே என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. எங்கள் பெண்ணுக்கு 15 வயதில் ஒரு போட்டியில், செட்டை முடிவு செய்யும் டை பிரேக்கில் 5-6. இன்னொரு புள்ளி போனால் செட் போய்விடும். எதிராளி அடித்த பந்து பேஸ்லைன் அருகே விழுந்தது. ஹார்ட் கோர்ட், தடம் தெரியாது. அவள் ஒரு நொடி தரையைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி, உள்ளே என்றாள். செட் போய்விட்டது. வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு மாலையும் பெரியவர்கள் அப்படி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பெண் அவள்.

சரி, அகாடமி எப்போது? கிளப்பில் எல்லாரையும் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு, சமமான எதிராளி கிடைக்காதபோது. பெரிய ஆட்டக்காரர்களையே பாருங்கள். ரோஜர் ஃபெடரர் சுவிட்சர்லாந்தில் பாஸலில் ஒரு கிளப்பில் ஆடி வளர்ந்து, 14 வயதில்தான் தேசியப் பயிற்சி மையத்துக்குப் போனார். ஆண்டி மர்ரி ஸ்காட்லாந்தில் தன் ஊரான டன்பிளேனில் ஆடிவிட்டு, 15 வயதில் பார்சிலோனாவுக்குப் போனார். ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ் பார்ட்டி, பிரிஸ்பேனில் ஜிம் ஜாய்ஸ் என்ற உள்ளூர் கோச்சிடம் சின்ன வயதில் பழகி, 15 வயதில், 2011ல், விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். ஆனால் 2014ல் டென்னிஸை விட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கி, கிரிக்கெட் கூட ஆடினார். திரும்பி வந்துதான் 2019ல் பிரெஞ்ச் ஓபன், 2021ல் விம்பிள்டன். நடுவில் உங்கள் மகன் சலித்துப்போய் ஒரு மாதம் மட்டையைத் தொடாவிட்டாலும் பதற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் கிளப்புப் பெண் இப்போது வாரத்தில் மூன்று நாள் வெளியே பயிற்சிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கண்டிப்பாக இங்கே வருவாள். சிவப்புப் பந்து, ஆரஞ்சுப் பந்து என்று வேகம் குறைந்த பந்துகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுப்பாள். முடிந்ததும் அந்த ஸ்லைஸ் அங்கிளோடு ஒரு செட்.

உங்கள் கிளப்பில் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். பெரியவர்களின் டபுள்ஸுக்கு நாலாவது ஆள் குறையும்போது உங்கள் மகனை உள்ளே கூப்பிடுகிறார்களா? கூப்பிடவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.