சுலவேசி சாப்ரோலைட் கணக்கு: குழிக்குள் கல் கலக்கிறது

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள உங்கள் நிக்கல் சுரங்கத்தில், 1.8 சதவீத நிக்கல் தரத்தில் 1,00,000 டன் சாப்ரோலைட் (அடிப்பாறைக்கு மேலே பாதி சிதைந்த நிலையில் இருக்கும் நிக்கல் தாது) என்று பிளாக் மாடல் (துளை மாதிரிகளை வைத்துத் தாதுவைக் கட்டம் கட்டமாக மதிப்பிடும் கணினி மாதிரி) சொன்னது, ஆலைக்கு வந்தது 1.63 சதவீதத்தில் 1,12,000 டன், கையிருப்பு மதிப்பீடே தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடலை உடனே திருத்த வேண்டாம். முதலில் உலோகத்தைக் கணக்கிடுங்கள். திட்டத்தில் 1,800 டன் நிக்கல், கிடைத்தது சுமார் 1,826. உலோகம் எங்கும் போகவில்லை!

கூடுதலாக வந்த 12,000 டன்னில் 26 டன் நிக்கல்தான், அதாவது 0.2 சதவீதம். அது கிட்டத்தட்ட சிதையாத பெரிடோடைட்டின், அதாவது அடிப்பாறையின் அளவு. சாப்ரோலைட்டுக்கு மேலே இருக்கும் லிமோனைட் (இரும்பு மிகுந்த மண்) கலந்திருந்தால் தரம் இவ்வளவு விழாது, அதில் பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டி நிக்கல் இருக்கும். ஆக, எக்ஸ்கவேட்டர் அடிப்பாறையைச் சுரண்டுகிறது, அல்லது தாதுவுக்குள் சிதையாமல் கிடக்கும் உருண்டைக் கற்கள் சலிக்கப்படாமல் ஆலைக்குப் போகின்றன. ஆலை மாதிரிகளில் மெக்னீசியம் ஏறி இரும்பு இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாப்ரோலைட்டின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். 50 மீட்டருக்கு ஒரு துளை போட்டால் மாடல் அதை வழவழப்பான பரப்பாக வரைந்துவிடும். வெட்டுமுன் 12.5 மீட்டர் இடைவெளியில் துளையிட்டு, மாடலில் தாது முடியும் அடி எல்லைக் கோட்டைத் திருத்துங்கள்.

அப்புறம், இரண்டு டன்னேஜும் உலர் எடைதானா? இந்த மண்ணில் ஈரம் 30 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் ஈரப்பதப் பிழை டன்னைத்தான் மாற்றும், தரத்தைக் குறைக்காது. ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள், குவித்து வைத்திருக்கும் தாது இருப்பையும் சேர்த்துக் குறைந்தது ஒரு காலாண்டு பாருங்கள்.