எந்தக் காகிதம் முதலில்? வெளிநாட்டில் குடியேறுபவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வரிசையைப் பற்றியவை. ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் அடுத்த காகிதத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும் என்பதால் அது நியாயமான கவலைதான். பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கச் சொல்கிறார் ஒருவர், தூதரகச் சான்றொப்பம்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

போகிற நாட்டைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம். 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள், ஒரு நாட்டின் அரசு ஆவணத்தை இன்னொரு நாட்டில் காட்ட அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும். தூதரகத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் சான்றிதழைக் கொடுத்த நாடு, அதைக் கேட்கிற நாடு இரண்டுமே அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், ஒன்று சேர்ந்ததை மற்றது ஆட்சேபித்திருக்கவும் கூடாது. ஐக்கிய அரபு அமீரகம் போலச் சேராத நாடுகளுக்குப் பழைய சங்கிலிதான்: முதலில் உள்நாட்டு அதிகாரியின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் போகிற நாட்டின் தூதரகம். உறுப்பினர் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும், சீனாவில் 2023 நவம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு போனவர்களின் அனுபவத்தை நம்பி இறங்கினால் வீண் செலவுதான். ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்போஸ்டில் எதை உறுதி செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள மாதிரிப்படி அது குறைந்தது 9 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம், அதில் எண்ணிட்ட 10 வரிகள். எந்த நாடு, கையெழுத்திட்டவர் யார், அவர் பதவி என்ன, யாருடைய முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த எண்ணில் என்று போகும். நீங்கள் உண்மையிலேயே படித்தீர்களா என்று அதில் ஒரு வரியும் கிடையாது. கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் நோட்டரி சான்றளித்த நகலின் மேல் வாங்கினால், அது நோட்டரியின் கையெழுத்துக்குக் கிடைத்த சான்று, பல்கலைக்கழகத்தின் கையெழுத்துக்கு அல்ல. மூலச் சான்றிதழின் மேல்தான் வேண்டும் என்று பல அலுவலகங்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

இன்னொன்று, ஆவணம் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டில்தான் அப்போஸ்டில். நீங்கள் பிறந்தது ஒரு நாடு, படித்தது வேறு நாடு என்றால் இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தூரத்திலிருந்து செய்ய ஆள் பிடித்து, அதிகாரக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்துக்கும் சான்று வாங்க வேண்டி வரும்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு ஆறு வாரத்தை விழுங்கியது. சான்றிதழோடு சேர்த்துப் பின் அடித்திருந்த அப்போஸ்டில் தாளை, ஸ்கேன் தெளிவாக வரட்டும் என்று நான் பின்னைக் கழற்றிப் பிரித்தேன். திரும்ப அதே துளைகளில் கவனமாகத்தான் பொருத்தினேன். கவுண்டரில் இருந்தவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது பிரிக்கப்பட்ட ஆவணம், செல்லாது என்றார். அவர் சொன்னது முறைதான். மறுபடி முதலிலிருந்து வாங்கினேன். நாடா, பின், ரிவெட் எதுவாக இருந்தாலும் பிரிக்காதீர்கள். மடித்தபடியே ஸ்கேன் செய்யுங்கள்.

எனக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். நானே மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் நீதிமன்றமோ அரசோ அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையைக் கேட்பார்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு முத்திரை தேவையில்லை. ஆனால் முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்திருக்கிறேன், அதற்கான தகுதி எனக்கு உண்டு என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சொந்த வழக்கில் வேறொருவரின் கையெழுத்து இருப்பதே பாதுகாப்பு. அப்போஸ்டிலை முதலில் வாங்கிவிட்டு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அப்போதுதான் அந்தத் தாளும் சேர்ந்து மொழிபெயரும்.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர், குடும்பப் பெயர் இடம் காலி. பட்டச் சான்றிதழில் முதலெழுத்தும் சேர்ந்திருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும், ஆனால் சமாளிக்கலாம். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, ஒரு வரிக்கு 44 எழுத்து. பெயருக்குக் கிடைப்பது 39 இடம்தான். விமான நிலையக் கருவி படிப்பது அதைத்தான். வெளிநாட்டில் உங்கள் பெயர் என்பது அந்த வரியில் இருப்பதே. விமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று போடுகிறார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அப்புறம் அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் உங்கள் பெயராக ஏறிக்கொள்ளும். புதுப்பிக்கும் வாய்ப்பு இருந்தால், கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் பதியுங்கள். விசா வந்த பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சான்றிதழில் உள்ள முதலெழுத்துக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

வீடு எடுக்க வங்கிக் கணக்கு கேட்கிறார்கள். வங்கியில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது?

முகவரியில். தற்காலிக வீடாக இருந்தாலும், அங்கே உங்களைப் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதித் தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. விளம்பரத்தில் ‘பதிவு இல்லை’ என்றிருக்கும் அறை எவ்வளவு மலிவானாலும் உங்களுக்கு உதவாது. வங்கியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமையை 2014ஆம் ஆண்டின் சட்டம் தருகிறது. முழு விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். ‘அடிப்படைக் கணக்கு’ என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

குடியிருப்பு அனுமதி முடிந்துவிட்டது, புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது இருக்கிறது. அவசரமாக ஊருக்குப் போக வேண்டும். போகலாமா?

இந்தக் கேள்வியை எழுதியவரின் தந்தை மருத்துவமனையில் இருக்கிறார். அதனால் நேரடியாகச் சொல்கிறேன்: தங்குவதற்கான அனுமதி வேறு, திரும்பி உள்ளே வருவதற்கான அனுமதி வேறு. பல ரசீதுகள் முதலாவதை மட்டுமே தருகின்றன. ஜெர்மனியில் தரும் இடைக்காலச் சான்றில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வரலாம், 3ஆம் உட்பிரிவு என்றால் வர முடியாது. அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கான நிலை மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் வெளியேறினால், எச், எல் என்ற வேலை விசாக்காரர்கள் போன்ற சில விலக்குகள் தவிர, விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மருத்துவரின் கடிதத்தை வாங்கி, அவசரம் என்று எழுதி, குடிவரவு அலுவலகத்துக்கே போங்கள். இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால் அந்த நாடு உங்கள் ரசீதை ஏற்குமா என்றும் பாருங்கள், முடிந்தால் நேரடி விமானமே எடுங்கள்.

பாஸ்போர்ட் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. பயணம் செய்யலாமா?

பல நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளுக்கு, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் போதும், ஆனால் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். புதுப்பித்துவிடுங்கள். பழையதில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அமெரிக்க விசா என்றால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

183 நாளுக்குக் கீழே இருந்தால் அங்கே வரி கிடையாது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. நாட்கணக்கு ஒரு அளவுகோல்தான். அமெரிக்காவில் இந்த ஆண்டின் நாட்கள் முழுதாக, போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு என்று கூட்டி, 183 வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆண்டுக்கு 120 நாள் வீதம் மூன்று ஆண்டு இருந்தால் 120, 40, 20 சேர்ந்து 180, மயிரிழையில் தப்பலாம். 125 நாள் என்றால் தப்ப முடியாது. இரண்டு நாடுகளும் உங்களைத் தங்கள் வரிவாசி, அதாவது வரிக் கணக்கில் தங்கள் நாட்டில் வசிப்பவர், என்று சொன்னால், வரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் தொழிலும் எங்கே, வழக்கமாக எங்கே இருக்கிறார், எந்த நாட்டுக் குடியுரிமை என்ற வரிசையில் தீர்க்கின்றன.

இதற்கெல்லாம் ஆதாரம் உங்கள் பயணத் தேதிகள். ஐரோப்பாவில் 2025 அக்டோபர் 12 முதல், குறுகிய காலம் வந்து போகிறவர்களுக்கு முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு வரத் தொடங்கியிருக்கிறது. பக்கத்தைப் புரட்டித் தேதி பார்க்கும் வசதி அங்கே போய்விடும். போர்டிங் பாஸைப் படம் எடுத்து, நாடு, வந்த நாள், போன நாள் என்று மூன்று கட்டத்தில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.