ஆலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நிர்வாகம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் நெடுங்காலம் உற்பத்தி மேலாளராக இருந்தவன். சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளையில் நிர்வாகப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். அவர்கள் ஒரு மருத்துவமனையும் ஒரு பள்ளியும் நடத்துகிறார்கள்.

மருத்துவமனையில், ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆனால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குத் தயாராக அரைநாள் ஆகிக்கொண்டிருந்தது. ஆலையில் செய்ததைப் போலவே வார்டுக்கு ஒரு போர்டு வைத்தேன். எந்தப் படுக்கை எந்த நிலையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது அதில் தெரியும். தினமும் காலையில் பத்து நிமிடம் நின்றபடியே ஒரு கூட்டம். இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் படுக்கை தயாராகிவிடுகிறது.

அந்த உற்சாகத்தில் பள்ளிக்கும் போனேன். ஒவ்வொரு ஆசிரியருக்கும் மாத இலக்கு கொடுத்தேன். தேர்ச்சி விகிதத்தை ஆசிரியர் அறைச் சுவரில் வரைபடமாக ஒட்டினேன். முதலிடம் வருபவருக்கு ஊக்கத்தொகை. சில மாதங்களில் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பள்ளி நன்றாக இருப்பதாக எனக்கே தோன்றவில்லை. மூத்த ஆசிரியை ஒருவர், “குழந்தைங்க என்ன போல்ட்டா, நட்டா சார்? இது வேற ஃபீல்டு, உங்களுக்குப் புரியாது” என்றார்.

நிர்வாகத்தின் அடிப்படை விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை என்றுதான் படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் ஓர் இடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் ஏன் பலிக்கவில்லை? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். நிர்வாகம் எங்கேயும் ஒன்றுதான், ஆளும் பொருளும்தான் மாறும் என்பார்கள் ஒரு சாரார். எங்கள் துறை தனி ரகம், வெளியாள் வந்து கைவைக்கக் கூடாது என்பார்கள் மறுசாரார். இரண்டு பேருமே துறையை வைத்துத்தான் பேசுகிறார்கள். கோளாறே அங்கேதான் என்பது என் எண்ணம். ஒரு நிர்வாக முறை பொருந்துமா பொருந்தாதா என்பதைத் துறையின் பெயர் தீர்மானிப்பதில்லை. அங்கே நடக்கும் வேலையின் தன்மைதான் தீர்மானிக்கிறது. ஒரே கூரையின் கீழ் நாலைந்து விதமான வேலைகள் நடக்கலாம். துளிகூடச் சம்பந்தமில்லாத இரண்டு துறைகளில் அச்சு அசலாக ஒரே வேலை நடக்கலாம்.

இரண்டாவது சொன்னதற்கு நல்ல உதாரணம் லண்டனில் இருக்கிறது. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் மருத்துவமனை. இதய அறுவை முடிந்த குழந்தையை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் சில நிமிடங்கள் அங்கே பெரிய கவலையாக இருந்தன. வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து ஏற்றும் பம்பு என்று ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். அறுவையில் என்ன செய்தார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்ற தகவலும் அதே நேரத்தில் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். கை ஒரு பக்கம் குழாயை மாட்டிக்கொண்டிருக்க, வாய் இன்னொரு பக்கம் விவரம் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்காது.

மார்ட்டின் எலியட், ஆலன் கோல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்குப் பொறி தட்டியது. பந்தயத்தின் நடுவே கார் வந்து நிற்கிறது, ஆட்கள் சூழ்கிறார்கள், சக்கரங்கள் மாறுகின்றன, கார் போய்விடுகிறது. அங்கே கூச்சல் இல்லை. ஒவ்வொருவருக்கும் நிற்குமிடம் முன்பே தெரியும், செய்யும் வேலை ஒன்றுதான். கார் கிளம்பலாமா என்று முடிவுசெய்பவர் ஒரே ஒருவர். மருத்துவர்கள் ஃபெராரி பந்தயக் குழுவை அணுகினார்கள், அவர்களோடு உட்கார்ந்து தங்கள் வேலையை அலசினார்கள். பிறகு மருத்துவமனையில் முறையை மாற்றினார்கள். முதலில் கருவிகளை மாட்டி முடிப்பது, அது முடிந்த பிறகே தகவல் சொல்வது, அதன் பிறகே கலந்துபேசுவது. குழந்தையை மாற்றி முடிக்கும்வரை மொத்தப் பொறுப்பும் மயக்க மருந்து நிபுணருக்கு. 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மாற்றத்தில் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. விட்டுப்போகும் தகவல்களும் ஏறக்குறையப் பாதியாயின.

அவர்கள் எதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். பந்தயக் குழுவின் உயிர்மூச்சே வேகம். மருத்துவமனையிலோ மாற்றத்துக்கு ஆகும் நேரம் பெரிதாகக் குறையவில்லை, குறைந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. பல கைகள் கூடி, பதற்றமான சில நிமிடங்களில், ஒன்றை ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவிடம் ஒப்படைப்பது என்ற வேலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தது. அந்த வேலைக்கான ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

விதிகள் பொதுவானவை என்று நீங்கள் படித்ததற்கு மூலவர்களில் ஒருவர் பிரான்சின் ஆன்ரி ஃபயோல். சுரங்க நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய பொறியாளர். 1916இல் 14 கோட்பாடுகளை எழுதினார். பாடப்புத்தகங்கள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. ஆனால் இவை வளைந்துகொடுக்க வேண்டியவை, ஒரே கோட்பாட்டை ஒரே மாதிரிச் சூழலில் இரண்டு முறை பயன்படுத்த நேர்வதே அரிது என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

1950களில் ஜோன் உட்வர்ட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் தெற்கு எஸ்ஸெக்ஸ் பகுதியில் 100 உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்தார். பாடப்புத்தக விதிகளைப் பின்பற்றுவதற்கும் வெற்றிக்கும் தொடர்பே தென்படவில்லை. நிறுவனங்களை உற்பத்தி முறைப்படி பிரித்துப் பார்த்த பிறகுதான் படம் தெளிந்தது. ஒன்றிரண்டாகச் செய்து கொடுப்பவை ஒரு வகை, பெருந்திரளாகச் செய்பவை ஒரு வகை, ரசாயன ஆலைபோலத் தொடர்ந்து ஓடுபவை ஒரு வகை. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் இருந்தவர்கள் பெருந்திரள் உற்பத்தியில் சராசரியாக 48 பேர், தொடர் உற்பத்தியில் 15 பேர். அந்தந்த வகையின் சராசரியை ஒட்டி அமைந்த நிறுவனங்களே நன்றாக நடந்தன. ‘ஒருவருக்குக் கீழே இத்தனை பேர்தான்’ என்ற பொதுவிதி அங்கே அர்த்தமிழந்துபோகிறது.

வேலைகளைப் பிரிக்கும் இந்தக் கோடு ஒரே நிறுவனத்துக்குள்ளும் ஓடும். அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்த தலைவர் ஜேம்ஸ் மெக்னெர்னி, சிக்ஸ் சிக்மா முறையை எல்லாப் பிரிவுகளிலும் கொண்டுவந்தார். வேறுபாட்டை ஒழித்து, எல்லாவற்றையும் ஒரே சீராக்கும் முறை அது. உற்பத்திப் பிரிவில் அது நல்ல பலன் தரும். ஆராய்ச்சிக்கூடத்தில் அது மூச்சுத்திணறல், ஏனென்றால் அங்கே எதிர்பாராமல் வேறாக வருவதுதான் கண்டுபிடிப்பு. அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். நிறுவனம் ஒன்று, துறை ஒன்று, வேலைதான் இரண்டு.

இப்போது உங்கள் படுக்கைக்கும் பள்ளிக்கும் வருகிறேன். ஜேம்ஸ் க்யூ. வில்சன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1989இல் அரசு அமைப்புகளைப் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் வைத்தார். பணியாளர் என்ன செய்கிறார் என்பதை மேலாளரால் பார்க்க முடிகிறதா? அதனால் என்ன விளைந்தது என்பதைப் பார்க்க முடிகிறதா? அரசு அமைப்புகளுக்காகக் கேட்ட கேள்விகள் என்றாலும் எந்த வேலையிடத்திலும் கேட்டுப்பார்க்கலாம். படுக்கையைத் தயார் செய்வதில் இரண்டுக்கும் பதில் ‘ஆம்’. விரிப்பு மாற்றியதும் தெரியும், கிருமிநாசினி போட்டுத் துடைத்ததும் தெரியும், படுக்கை தயாரா இல்லையா என்பதும் தெரியும். ஆலையில் நீங்கள் பார்த்த அதே ரக வேலை. உங்கள் போர்டு பலித்தது தற்செயல் இல்லை.

வகுப்பறையில் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போய் உட்கார்ந்தால் வகுப்பே வேறாகிவிடும். விளைவோ பல ஆண்டுகள் கழித்து வருவது. அதிலும் வீட்டின் பங்கு எவ்வளவு, முந்தைய ஆசிரியரின் பங்கு எவ்வளவு, இவருடையது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வில்சன் பள்ளிகளை இந்த வகையில்தான் வைத்தார். இப்படிப்பட்ட இடத்தில் மேலாளர் கண்ணில் படுகிற ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வார். அந்த எண் மெல்ல மெல்ல வேலையின் இடத்தை எடுத்துக்கொள்ளும். டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக உளவியலாளர் 1970களிலேயே தேர்வு மதிப்பெண்ணைக் குறிப்பாகச் சுட்டி எச்சரித்தார். இயல்பாகப் பாடம் நடக்கும் பள்ளியில் மதிப்பெண் நல்ல அளவுகோல். மதிப்பெண்ணே பாடத்தின் குறிக்கோளாக ஆகிவிட்டால் அது அளவுகோலாகவும் உதவாது, கல்வியையும் கெடுக்கும்.

உங்கள் பள்ளியில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. தேர்ச்சி விகிதத்துக்குப் பரிசு என்றால், தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகள் மேல்தான் ஆசிரியரின் கவனம் குவியும். எப்படியும் தேறிவிடுகிற பிள்ளைக்கும், எப்படியும் தேறாது என்று கைவிடப்பட்ட பிள்ளைக்கும் அதில் பங்கில்லை. முதலிடத்துக்கு ஒருவருக்குத்தான் பணம் என்றால், தன்னிடம் பலிக்கிற உத்தியைப் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்? பேச்சு நின்றுபோனதை ஆசிரியர்களின் குணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் வைத்த ஏற்பாடு கேட்டதை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

வேலை ஒரே ரகமாக இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. கருவி வந்துசேரும், அதன் பின்னால் இருந்த வாக்குறுதி வராது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை 1984இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, சங்கமும் அதே சங்கம். வேலைக்கு வராதவர்கள் முன்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. புதிய ஆலையில் அது நூற்றுக்கு இரண்டு மூன்றாக இறங்கியது. பார்க்க வந்தவர்கள் கண்ணில் பட்டது ஒரு கயிறு. கோளாறு கண்ட தொழிலாளி அதை இழுத்தால் குழுத்தலைவர் ஓடிவருவார், சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸின் வேறு ஆலைகளிலும் கயிறு கட்டினார்கள். வரிசை நின்றால் மேலாளர் கோபிப்பார் என்ற பயத்தில் அங்கே அதை இழுக்கக் கை வரவில்லை. ஃப்ரீமான்ட்டில் இழுத்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. 1988இல் விற்பனை விழுந்தபோதுகூட ஆட்குறைப்பு செய்யாமல், உபரி ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் சோறு போகாது என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் கயிற்றுக்கு வேலை.

மருத்துவத்திலும் இதே கதைதான். அறுவைச் சிகிச்சையின்போது ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்கான, உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆனது (2009). கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இத்தகைய பட்டியலைப் பின்பற்றுவது பற்றி மருத்துவமனைகள் பகிரங்கமாகக் கணக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பட்டியலைப் பின்பற்றியதாக ஏறத்தாழ எல்லா மருத்துவமனைகளும் கணக்குக் கொடுத்திருந்தன. தாளில் டிக் அடிப்பதும், ஒரு செவிலியர் அறுவை நிபுணரைப் பார்த்து “கொஞ்சம் பொறுங்க டாக்டர்” என்று சொல்வதும் வேறு வேறு.

என்ன செய்யலாம்? வரைபடத்தைக் கழற்றுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் கழற்றாமல், ஆசிரியர்களைக் கூட்டி, காரணம் சொல்லிக் கழற்றுங்கள். ஊக்கத்தொகைக்கு ஒதுக்கிய பணத்தை, ஓர் ஆசிரியர் இன்னொருவரின் வகுப்பில் போய் உட்கார்ந்து கவனிக்க நேரம் ஏற்படுத்தித் தரச் செலவிடுங்கள். மேலாளரின் கண்ணுக்குப் படாத வேலை சக தொழில்காரரின் கண்ணுக்குப் படும். அப்படிப்பட்ட வேலையில் தரத்தைக் காப்பவர்கள் அவர்களே.

ஆனால் பள்ளியிலிருந்து விலகிவிடாதீர்கள். கட்டணம், பேருந்து, புத்தக விநியோகம், கால அட்டவணை, பழுதுபார்ப்பு இவற்றிலெல்லாம் உங்கள் ஆலை அனுபவம் அப்படியே செல்லுபடியாகும். இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டு முடிவில் ஒரு பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது, அவனைப் பற்றிப் பழைய ஆசிரியருக்குத் தெரிந்ததில் எவ்வளவு புதிய ஆசிரியருக்குப் போய்ச்சேர்கிறது? மதிப்பெண் பட்டியல் போகும். இவன் பலகையைப் பார்க்கச் சிரமப்படுகிறான், இவள் கேள்வி கேட்டால் அழுதுவிடுவாள், எழுதச் சொன்னால் எழுதுவாள் என்பதெல்லாம் போகாது. இதுவும் ஒரு ஒப்படைப்பு வேலைதான். உங்களுக்கு நன்றாகவே தெரிந்த வேலை. அந்த மூத்த ஆசிரியையிடம் போய், எதெல்லாம் கைமாற வேண்டும் என்று கேளுங்கள். படிவத்தை நீங்கள் போடாதீர்கள், அவர்கள் போடட்டும். அதற்கு நாளும் நேரமும் ஒதுக்கி, அது நடந்தே தீருமாறு பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மருத்துவமனையிலும் ஒன்றை விசாரியுங்கள். இரண்டு மணி நேரம் என்ற கணக்கு வந்த பிறகு, எந்தச் செவிலியராவது “இந்தப் படுக்கை இன்னும் சுத்தமாகவில்லை, அடுத்தவரை அனுப்பாதீர்கள்” என்று சொல்லி நிறுத்தியதுண்டா? நிறுத்தியிருந்தால், மறுநாள் காலைக் கூட்டத்தில் அவரிடம் என்ன பேசினார்கள்? ஒருமுறைகூட யாரும் நிறுத்தவில்லை என்றால் போர்டை நம்பாதீர்கள், வார்டில் போய் நில்லுங்கள்.